நெப்போலியன் என்று தேடினால்

இணையத்தில் நெப்போலியன் என்று தேடினால் முதலில் பிரெஞ்சுப் பேரரசர் வருவார். 'தமிழ்' என்று சேர்த்துத் தேடினால் நடிகர் வருவார். 'புல்லாங்குழல்' என்று இன்னொரு சொல்லும் சேர்த்த பிறகுதான் நான் தேடுகிற ஆள் மெல்லத் தலைகாட்டுவார். இளையராஜாவின் குழுவில் குழல் வாசித்த நெப்போலியன் செல்வராஜ் அவர். இப்போது அதே ஆளை 'அருண்மொழி' என்று தேடிப் பாருங்கள். பாட்டுப் பட்டியல் கொட்டும். 1988இல் வந்த 'சூரசம்ஹாரம்' தொடங்கித் தொண்ணூறுகள் முழுக்க அவர் பாடிய பாடல்கள் படம் வாரியாக, வருடம் வாரியாகக் கிடைக்கும். வாசிக்கும்போது நெப்போலியன், பாடும்போது அருண்மொழி. ஒரே மூச்சுதான். பாட்டாக வந்த மூச்சுக்குக் கணக்கு இருக்கிறது, குழலில் போன மூச்சுக்கு இல்லை.

ஏன் இப்படி? "சினிமாக்காரங்க நன்றி கெட்டவங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இதற்குப் பின்னால் ஒரு சாதாரணமான, ஏறக்குறைய அலுவலகத்தனமான காரணம் இருக்கிறது. பட்டியலில் வாசிப்பவருக்குக் கட்டமே போடவில்லை.

வானொலியில் பாட்டு போடும் முறையை நினைத்துப் பாருங்கள். விவித் பாரதியோ இலங்கை வானொலியோ, படத்தின் பெயர், இசையமைத்தவர், பாடியவர்கள், இயற்றியவர் என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். அந்த வரிசை இசைத்தட்டின் நடுவே ஒட்டிய வட்ட லேபிளிலிருந்து வந்தது. உள்ளங்கை அகல வட்டம். அதில் கம்பெனி முத்திரை, தட்டின் எண், படம், பாடகர் எல்லாம் அடங்க வேண்டும். நாற்பது பேர் வாசித்த பாட்டென்றால் நாற்பது பெயருக்கு அங்கே எங்கே இடம்? பிறகு கேசட் வந்தது. மடித்து வைத்த உறைத்தாளில் இடமும் வந்தது. ஆனால் பழகின வரிசை அப்படியே நின்றுவிட்டது. அதற்கும் பிறகு பட்டியல்களை இணையத்தில் ஏற்றியவர்கள், பெரும்பாலும் கூலியில்லாமல் ஆர்வத்தால் உழைத்தவர்கள், கையில் இருந்த கேசட் உறையைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்தார்கள். உறையில் இல்லாத பெயர் அங்கேயும் ஏறவில்லை. இன்றைக்கு நாம் 'தரவு' என்று சொல்வதில் பாதி, அந்த வட்ட லேபிளின் இட நெருக்கடிதான்.

எங்கள் ஊர்ப் பக்கம், வேடந்தாங்கல், மதுராந்தகம் வட்டாரத்தில் ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ராத்திரி மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். அங்கே முறையே வேறு. நாலு பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் மைக்கைப் பிடித்து, கீபோர்டில் இன்னார், டிரம்ஸில் இன்னார், ரிதம் பேடில் நம்ம பக்கத்து ஊர்த் தம்பி என்று ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். பெயர் சொன்னதும் அந்த ஆள் ஒரு சின்ன உருட்டு உருட்டிக் காட்டுவார். கைதட்டல், விசில். ஒரிஜினல் பாட்டில் அதே உருட்டை வாசித்தவருக்கு இது கிடைத்ததில்லை. நகலெடுத்தவருக்குப் பெயர் உண்டு, முதலில் வாசித்தவருக்குக் கிடையாது. வேடிக்கையான நியாயம்.

கோடம்பாக்கத்தில் வேலை நடந்த விதமும் இதற்குத் தோதாக இருந்தது. கூலி கால்ஷீட் கணக்கு. காலையில் போய் உட்கார்ந்தால் முன்னால் நோட்ஸ் வரும். அதுவரை பாட்டைக் கேட்டே இருக்க மாட்டார்கள். ஒன்றிரண்டு ஒத்திகை, அப்புறம் டேக். தனித்தனியாகப் பதிந்து ஒட்டுகிற வசதி வருவதற்கு முன்னால் பாடகர், வயலின் கோஷ்டி, தபேலா, குழல் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். கடைசி வரியில் ஒருவர் சறுக்கினால் மொத்தப் பேரும் மறுபடி முதலிலிருந்து. அப்படிப்பட்ட வேலைக்கு நடுங்காத கை வேண்டும். ஆனால் அந்த டேக் முடிந்ததும் கூலி, அதோடு உறவு முடிந்தது. பாட்டு ஐம்பது வருஷம் ஓடினாலும் வாசித்தவருக்கு அது அன்றைய காலைப் பொழுது மட்டும்தான். இந்தக் கூலியையாவது ஒழுங்குபடுத்தச் சங்கம் வேண்டும் என்று முன்னின்றவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கியவரும் அவர்தான். சேர்ந்து பாடுகிறவர்களைப் பற்றியே யோசித்தவர் சேர்ந்து வாசிக்கிறவர்களைப் பற்றியும் யோசித்ததில் ஆச்சரியம் இல்லை.

"அப்படின்னா செஷன் வாசித்தவங்க வாழ்க்கை எழுதப்படவே இல்லையா?" என்று கேட்கலாம். எழுதப்பட்டிருக்கிறது. ஜெயித்தவர்களுக்கு மட்டும்.

பண்ணைப்புரத்து ராசய்யா 1968இல் மெட்ராஸ் வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். மாஸ்டர் அவரை ராஜா ஆக்கினார். சலில் சௌத்ரிக்கு கிடார் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் பல வருஷம் உதவியாளராக இருந்தார். 1976இல் 'அன்னக்கிளி'. ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருக்கிறாரே என்று பஞ்சு அருணாசலம் முன்னால் 'இளைய' சேர்த்தார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த எட்டு வருஷத்தில் அவர் கிடார் வாசித்த பாடல்கள் எவையெவை என்று முழுப் பட்டியல் கேட்டுப் பாருங்கள். அவருக்கே அது கஷ்டம்தான். எட்டு வருஷமும் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பத்தியும் 'அன்னக்கிளி' வந்ததால் கிடைத்தது. 1986இல் அவர் 'ஹவ் டு நேம் இட்' என்ற தனி ஆல்பம் போட்டார். படம் இல்லை, கதாநாயகன் இல்லை. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் வந்து நின்றது. அந்த வயலின் அதற்கு முன்னால் எத்தனையோ படப் பாடல்களின் இடையிசையில் நமக்குப் பழக்கம். சினிமாவுக்கு வெளியே வந்ததும் வாசித்தவருக்கு முகம் வந்தது.

அடுத்தது திலீப். அப்பா ஆர்.கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளர். அதைவிட அதிகமாக, பிறருடைய மெட்டுகளுக்கு வாத்தியக் கோர்வை எழுதிக் கொடுத்தவர். 1976இல் சேகர் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. வீட்டில் இருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் ஓடியது. பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கீபோர்ட் வாசிக்கப் போனான். எம்.எஸ்.வி., இளையராஜா, எம்.கே. அர்ஜுனன், ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி என்று பலருக்கும் வாசித்தான். இடையில் நண்பர்களோடு பேண்டு, அப்புறம் விளம்பரங்களுக்கு ஜிங்கிள். 1989இல் வீட்டிலேயே பஞ்சதன் ஸ்டுடியோ. இஸ்லாமிய பக்திப் பாடல்களாக 'தீன் இசை மாலை', 1991இல் மால்குடி சுபா பாடிய ஆங்கில ஆல்பம் 'செட் மீ ஃப்ரீ'. இரண்டும் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1992இல் 'ரோஜா' வந்த பிறகுதான் அவற்றைத் தேடத் தொடங்கினார்கள். 'செட் மீ ஃப்ரீ' மறுபடி கடைக்கு வந்தது. இதை நான் வியப்புக்காகச் சொல்லவில்லை. 'ரோஜா' வராமல் போயிருந்தால் அந்த இரண்டு ஆல்பங்களும் எந்தப் பட்டியலிலும் இருந்திருக்காது. மற்றவர்களுக்கு வாசித்த வருஷங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதாவது செஷன் வாழ்க்கை எப்போதும் பின்னோக்கித்தான் எழுதப்படுகிறது. பெரிய ஆளானவர்களுக்கு அது முன்கதை. புருஷோத்தமனுக்கு டிரம்ஸும், சதானந்தத்துக்கு கிடாரும், விஜி மேனுவலுக்கு கீபோர்டும் முன்கதை இல்லை. அதுதான் முழுக்கதை. முழுக்கதையை எழுத நமக்கு வடிவம் இல்லாததால் விட்டுவிட்டோம்.

ரஹ்மான் ஒன்று செய்தார். வாசித்தவர்களின் பெயரைக் கேசட் உறையில் அச்சிட வைத்தார். குழல் நவீன் குமார், பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ், தாளம் சிவமணி என்று பொடி எழுத்தில் வரும் பெயர்களை உற்றுப் பார்த்து மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை இருக்கிறது. 1995இல் வந்த 'பம்பாய்' தீம் இசையைக் கேட்டுவிட்டு 'இது நவீன்' என்று பலரால் சொல்ல முடிந்தது அந்தப் பொடி எழுத்தால்தான். கூலி கொடுத்தவரே பெயரும் கொடுக்கலாம், இடமெல்லாம் இருக்கிறது என்று அது காட்டியது. ஆனால் அதே ஆளின் கணினியும் மாதிரி ஒலிகளும்தான் வயலின் கோஷ்டியின் கால்ஷீட்டைக் குறைத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெயர் அச்சில் ஏறத் தொடங்கிய காலத்தில் நாற்காலிகள் குறைந்துகொண்டிருந்தன. அப்புறம் கேசட்டும் சிடியும் போயின, உறைத்தாளும் கூடவே போனது. செல்போன் திரையில் இருக்கிற சின்னச் சதுரப் படம் பழைய வட்ட லேபிளைவிடப் பெரிதில்லை.

பெயர் வெறும் மரியாதை விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சட்ட விவரம். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, நிகழ்த்துகிறவர்களுக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெறும் உரிமை எழுத்தில் வந்தது. நிகழ்த்துகிறவர் என்றால் யார் என்ற வரையறையில் பாடகரோடு இசைக்கலைஞரும் இருக்கிறார். அடுத்த வருஷமே பாடகர்கள் தங்களுக்கு ஒரு அமைப்பு தொடங்கி வசூலிக்க ஆரம்பித்தார்கள். அவர்களால் முடிந்தது, ஏனென்றால் எந்தப் பாட்டு யார் பாடியது என்று எழுபது வருஷப் பட்டியல் தயாராக இருந்தது. குழல் வாசித்தவர் தன் பங்கைக் கேட்கப் போனால் முதலில் நிரூபிக்க வேண்டியது, அதை வாசித்தது தான்தான் என்பதை. கட்டம் இல்லாத பட்டியல் அங்கே காசாகக் கணக்குத் தீர்க்கிறது.

பெயர் விட்டுப்போவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிய உரிமையைச் சொல்லும்போது, 1798இல் அதை அங்கீகரித்த கலெக்டர் லயனல் பிளேஸ் பெயர் தவறாமல் வரும். போய்க் கேட்டவர்கள் 'ஊர்மக்கள்'. ஆனால் கிழக்கே, கடலோரமாகப் போனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மாமல்லபுரத்தில் பல்லவ அரசர்களின் பட்டப்பெயர்கள் கோயில் சுவரெல்லாம் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். செதுக்கியவர் பெயர் அங்கே இல்லை. அருகிலுள்ள பூஞ்சேரியில் ஒரு பாறையில் மட்டும் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று சில தொழிலாளிகளின் பெயர்கள் இருக்கின்றன. வேலை நடந்த இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி. எனக்கு அது பாறையில் வெட்டிய கேசட் உறையாகவே தோன்றும்.

அதே பூஞ்சேரியில், ஒரு நட்சத்திர ஓட்டலில், 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா. அதில் 'எஞ்ஜாய் எஞ்சாமி'யை தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில் அறிவு இன்ஸ்டாகிராமில் எழுதினார். மெட்டோ வரியோ யாரும் தனக்குத் தரவில்லை, இசையமைத்து, எழுதி, பாடி, நடித்தது தான்தான் என்று.

அறிவு சினிமாவுக்கு வெளியிலிருந்து வந்தவர். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் ஒருவர். 2019இல் இசைக்கலைஞர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' என்ற சொந்த ஆல்பம் போட்டவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை 'எஞ்ஜாய் எஞ்சாமி'க்குள் கொண்டுவந்தவர். 2021 மார்ச்சில் பாட்டு யூடியூபில் வந்தபோது தலைப்பில் தீயின் பெயர் முதலில், 'ஃபீச்சரிங்' என்ற சொல்லுக்குப் பின்னால் அறிவு, தயாரிப்பு என்று சந்தோஷ் நாராயணன். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு இல்லை என்று பா. ரஞ்சித் கேள்வி எழுப்பினார். சந்தோஷ் தன் பதிலில், பாட்டு மூவரும் சேர்ந்து செய்தது, வருமானமும் மூவருக்கும் சமபங்கு, விழா நேரத்தில் அறிவு வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கினார். யார் சொன்னது முழுசாகச் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்த அறையில் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சினிமாவின் பழைய கட்டங்கள் எதுவும் பொருந்தாத ஒரு பாட்டு வந்ததும், மெட்டுக்காரர், பாடலாசிரியர், பாடகர் என்று பிரிக்க முடியாத வேலைக்கு நாம் வைத்திருந்த ஒரே சொல் 'ஃபீச்சரிங்'. விருந்தாளி என்று அர்த்தம். தன் பாட்டியின் கதைக்குள்ளேயே ஒருவர் விருந்தாளியாக நிற்க வேண்டி வந்தது.

2024 மார்ச்சில், பாட்டு வெளியாகி மூன்று வருஷம் முடிந்தபோது, தங்கள் மூவருக்குமே அந்தப் பாட்டிலிருந்து இதுவரை ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வீடியோவில் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் அதை ஏற்கவில்லை. சண்டை போட்ட மூவரும் ஒரே வரிசையில் வந்து நின்றார்கள். பாட்டின் தாளத்துக்கு வாசித்தவர்கள் யார் என்ற பேச்சு, இரண்டு சர்ச்சையிலும், எங்கேயும் வரவில்லை.