உரிமை யார் கையில்? – வட டகோட்டா மாநிலத்தின் நூறாண்டு அனுபவம்

அமெரிக்காவின் வட டகோட்டாவில் விளைந்த கோதுமைக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலை வைத்தவர்கள் அந்த மாநிலத்துக்காரர்கள் அல்லர். பக்கத்து மாநிலத்து மினியாபோலிஸ் நகரின் மாவு மில் முதலாளிகளும் தானிய வணிகர்களும்தான். தரம் பிரிப்பதில்தான் விவசாயிக்குப் பெரிய அடி. 1916-இல் துரு நோய் தாக்கிச் சுருங்கிய கோதுமையைத் தீவனத் தரம் என்று ஒதுக்கி, அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். பார்கோ வேளாண் கல்லூரியின் வேதியியல் அறிஞர் எட்வின் லாட் அந்தக் கோதுமையை அரைத்து, ரொட்டி சுட்டு, அதிலும் நல்ல மாவு கிடைப்பதை நிறுவினார். விவசாயிகளின் மனக்குறைக்கு ஆய்வுக்கூடச் சான்று கிடைத்தது.

1915-இல் ஆர்தர் டவுன்லி தொடங்கிய கட்சி சார்பற்ற கழகம் என்ற விவசாயிகள் அமைப்பு மறு ஆண்டே லின் பிரேசியர் என்ற விவசாயியை ஆளுநராக்கியது. 1919-இல் 20 லட்சம் டாலர் முதலீட்டில் மாநில அரசின் வங்கி பிறந்தது. 1922-இல் கிராண்ட் போர்க்ஸில் அரசு மாவு மில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1921-இல் வாக்காளர்கள் பிரேசியரையே பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள்; ஆனாலும் வங்கி நிலைத்தது. அது உள்ளூர் வங்கிகளோடு போட்டிக்கு நிற்காமல், அவை கொடுக்கும் கடனில் பங்கேற்கும் முறைக்கு வந்ததே அதன் ஆயுளுக்குக் காரணம் என்று கருதுகிறேன்.

பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்த மற்ற மாநிலங்கள் வரியை நம்பின. இந்தியானா 1929-இல் சங்கிலிக் கடைகளுக்கு, கிளைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஏறும் வரி விதித்தது. 1931-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஆனால் வரி கடைக் கணக்கில் விழுந்ததால், நிறுவனங்கள் பல சிறு கிளைகளை மூடிவிட்டு ஒரே பெரிய சூப்பர் மார்க்கெட்டைத் திறப்பதே லாபமாயிற்று. சின்னக் கடைக்காரரைக் காக்க வந்த சட்டம் அவருக்கு எதிரே இன்னும் பெரிய கடையைக் கொண்டுவந்து நிறுத்தியது.

வட டகோட்டா பிடித்தது வேறு வழி: உரிமையாளர் யார் என்று கேட்பது. 1932-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே நிறுவனங்கள் விவசாயம் செய்வதைத் தடுத்தது. 1963-இல், மருந்துக்கடை நடத்தும் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு மருந்தாளுநர்களிடம் இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. முன்பே இருந்த கடைகளுக்கு விலக்கு உண்டு. பென்சில்வேனியாவின் இத்தகைய சட்டத்தை 1928-இல் ரத்து செய்திருந்த உச்ச நீதிமன்றம், 1973-இல் வட டகோட்டாவின் சட்டம் குறித்த ஸ்னைடர்ஸ் வழக்கில் அந்தப் பழைய தீர்ப்பையே கைவிட்டது. 2014-இல் வட டகோட்டாவின் இந்த மருந்துக்கடைச் சட்டத்தை நீக்கக் கோரிய வாக்கெடுப்புக்கு வால்மார்ட் பணம் கொட்டியது. வாக்களித்தவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் நீக்க வேண்டாம் என்றார்கள்.

இருந்தும், கடை மருந்தாளுநருடையது என்பதாலேயே விலையும் அவர் கையில் இருப்பதில்லை. காப்பீட்டுக்கும் கடைக்கும் நடுவே நிற்கும் மருந்துப் பயன் மேலாண்மை நிறுவனங்களால், கடைக்காரர் வாங்கிய விலைக்கும் குறைவாகத் திருப்பிக் கொடுக்க முடிகிறது. பங்கு விதியால் இந்த நிறுவனங்களைத் தொடவே முடியாது. ஆர்கன்சா மாநிலம் 2015-இல் அந்தத் தொகை கொள்முதல் விலைக்குக் கீழே போகக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. வட டகோட்டாவும் 2017-இல் இந்த இடைத்தரகர்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை நிறைவேற்றியிருக்கிறது.