யாருடைய நம்பிக்கை சரிந்தது?



அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு புள்ளிவிவரத்தில் தொடங்குவது வழக்கம். 1958இல் நடந்த கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தங்கள் அரசை நம்புவதாகச் சொன்னார்கள். இன்று ஐந்தில் ஒருவர் அப்படிச் சொன்னாலே அதிகம். வியட்நாம் போர், வாட்டர்கேட், இராக்கில் கிடைக்காத பேரழிவு ஆயுதங்கள் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். அவை பொய்யில்லை. ஆனால் அந்த 1958இல் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாக்களிக்கவே முடியாதிருந்தது. வாக்குரிமைச் சட்டம் 1965இல்தான் வந்தது. ஆகவே சரிந்தது யாருடைய நம்பிக்கை என்று நாம் கேட்டாக வேண்டும்.

நம்பிக்கையின் பொற்காலம் எனப்படும் அதே ஆண்டுகளில்தான் அலபாமாவின் டஸ்கீகியில் ஒரு கொடுமை நடந்துகொண்டிருந்தது. 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லி, நோய் உடலை எப்படி அரிக்கிறது என்று அரசின் பொதுச் சுகாதாரத் துறை பார்த்துக்கொண்டிருந்தது. 1940களில் பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1964இல் மார்ட்டின் லூதர் கிங்குக்குத் தற்கொலையைத் தூண்டும் மொட்டைக் கடிதம் அனுப்பியது எஃப்.பி.ஐ. 1969 டிசம்பரில் சிகாகோவில் 21 வயது பிரெட் ஹாம்ப்டன் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தவன் எஃப்.பி.ஐ.யின் ஒற்றன்.

இவற்றை அன்றே யாராவது சொல்லியிருந்தால் வெறும் கற்பனை என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆவணங்கள் வந்த பிறகே உலகம் ஒப்புக்கொண்டது. 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் நுழைந்த சிலர் கோப்புகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். 1975இல் செனட் குழு விசாரித்தது. டஸ்கீகி அம்பலமானதும், மனிதர்மீது நடத்தும் ஆய்வுகளைக் கட்டுப்படுத்த 1974இல் சட்டம் வந்தது. அந்த ஐயம் சான்றைத் தேடியது. எல்லோருக்கும் பயன்படும் சட்டமாக முடிந்தது.

இன்னொரு வகை ஐயத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1898இல் வட கரோலினாவின் வில்மிங்டனில் 'கறுப்பர் ஆட்சி' வருகிறது என்று வெள்ளையர்கள் பீதி கிளப்பினார்கள். நவம்பர் 10 அன்று ஆயுதக் கும்பல் கறுப்பினத்தவர் நடத்திய நாளிதழின் அலுவலகத்தை எரித்தது. கறுப்பின மக்களைக் கொன்றது. மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சியைக் கவிழ்த்தது. பின்னாளில் பராக் ஒபாமா அமெரிக்காவில் பிறக்கவே இல்லை என்ற புரளி வந்தது. பிறப்புச் சான்றிதழைக் காட்டிய பிறகும் அது ஓயவில்லை.

2020 தேர்தல் திருடப்பட்டது என்றார்கள். அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகளில் ஒன்றிலும் அதை மெய்ப்பிக்க முடியவில்லை. திருட்டு நடந்ததாக அவர்கள் விரல் நீட்டிய நகரங்கள் எவை? டெட்ராய்ட், பிலடெல்பியா, அட்லாண்டா. கறுப்பின வாக்காளர்கள் திரண்டு வாழும் நகரங்கள். ஜார்ஜியாவில் வாக்கு எண்ணிய கறுப்பினத் தாயும் மகளும் கொலை மிரட்டலுக்கு ஆளாகி வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்தவர்கள் தங்களைத் தேசபக்தர்கள் என்றார்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் கொடியும் அவர்களோடு உள்ளே போனது. அவர்களின் தேசத்தில் யாருக்கு இடமில்லை என்பதை அந்தக் கொடியே சொல்லிவிட்டது.

இரண்டையும் 'மக்கள் நம்பிக்கை இழந்துவிட்டார்கள்' என்ற ஒரே தலைப்பில் கட்டுவது அநீதி. ஆனால் ஓர் ஆபத்தை நாம் மறக்கக் கூடாது. கொரோனா காலத்தில் டஸ்கீகியின் பெயரைச் சொல்லியே தடுப்பூசி பற்றிய வதந்திகள் கறுப்பின மக்களிடம் பரப்பப்பட்டன. அரசு சொன்ன மெய்யான பொய், வேறொருவன் விற்கும் பொய்க்கு உரமாகிறது. சாவு மறுபடியும் அதே வாசலுக்கு வருகிறது.

ஆகவே எந்தச் சந்தேகத்தையும் இரண்டு கேள்விகளால் சோதிப்போம். அது அதிகாரத்தை நோக்கி விரல் நீட்டுகிறதா, அதிகாரமற்றவரை நோக்கியா? எதிர்ச்சான்று வந்தால் கேட்டுக்கொள்ளுமா?

1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளை அதில் கேட்டிருந்தார். ஒடுக்கப்பட்டோரின் ஐயம் நடக்க வேண்டிய வழி அதுதான்: ஆவணத்தைக் கேட்பது, படிப்பது, நம் வழக்கை நாமே எழுதுவது.