மணிச் சத்தம் கேட்காத நாள்



நான் வேலை பார்த்த பள்ளியில் மணி என்பது தூணில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அலுவலக உதவியாளர் ஒருவர்தான் அடிப்பார். அவர் வராத நாளில் எந்த வகுப்பும் நேரத்துக்கு முடியாது. சென்ற வாரம் வந்த பழைய மாணவி சொன்ன செய்தி அவரை நினைவூட்டியது.

அவள் ஜாவாவில் எழுதிய இணையச் செயலி, தடுப்பூசி நாளைத் தாய்மார்களுக்குத் தினமும் காலையில் குறுஞ்செய்தியாக அனுப்பும். ஒருநாள் ஒரு தொலைபேசி எண் தவறாகப் பதிவாகியிருந்தது. அன்றோடு எல்லாச் செய்தியும் நின்றுவிட்டது. மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. விடுபட்ட தாய்மார்களை அவளே போனில் அழைத்தாளாம்.

ஏன் நின்றது? இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், யுனிக்ஸ் இயங்குதளத்துக்காக 'கிரான்' பிறந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அட்டவணையைப் பார்த்து, வேலை இருந்தால் தொடங்கிவைக்கும். ஆனால் அது செயலிக்கு வெளியே நிற்கும் ஆள்.

2000-இல் ஜாவா 1.3 'டைமர்' வசதியைத் தந்தது. செயலி தனக்குத்தானே மணி அடிக்கலாம். ஆனால் ஒரு டைமரின் வேலைகள் எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் செய்வார். ஒரு வேலையில் வரும் பிழையைக் கையாள ஏற்பாடு இல்லையென்றால் அந்த டைமரே படுத்துவிடும். மாணவிக்கு நடந்தது இதுதான்.

2004-இல் ஜாவா 5 பல ஆட்களை வைத்துக்கொள்ள வழி செய்தது. ஒரு வேலை விழுந்தாலும் மற்றவை நடக்கும். விழுந்த வேலை மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடும். 2009-இல் வந்த ஸ்பிரிங் 3.0-இல், செய்ய வேண்டிய வேலைக்கு மேலே 'ஷெட்யூல்டு' என்று நேரத்தோடு குறித்துவிடலாம். பிழை வந்தால் பதிவேட்டில் எழுதிவிட்டு, அடுத்த வேளைக்கு மறுபடி கிளம்பும்.

இன்னொரு சிக்கல்: ஒரே செயலி இரண்டு சர்வர்களில் ஓடினால் இரண்டும் மணி அடிக்கும், ஒரு தாய்க்கு இரண்டு செய்தி போகும். 'குவார்ட்ஸ்' என்னும் கருவி அட்டவணையைத் தரவுத்தளத்தில் வைத்து, ஒன்று மட்டும் அடிக்கும்படி பார்த்துக்கொள்ளும்.

"இப்ப என்னம்மா செய்திருக்கே?" என்று கேட்டேன்.

"தினமும் எத்தனை செய்தி போச்சுன்னு என் போனுக்கு வரும் சார். ஒன்பது மணிக்குள்ள வரலைன்னா போய்ப் பார்ப்பேன்" என்றாள்.

எங்கள் தலைமையாசிரியரும் அப்படித்தான். மணிச் சத்தம் கேட்காவிட்டால் அறையை விட்டு வெளியே வந்துவிடுவார்.