கடல் பயணமும் காலக் கணக்கும்

நமது மஹல்லாவைச் சேர்ந்த குடும்பத்தினர் சிலர் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் பினாங்கு, புக்கெட் ஆகிய இடங்களுக்குச் சென்று திரும்பினர். புக்கெட்டில் இறங்கியவர்கள், கைப்பேசி காட்டிய மணியை நம்பி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கடைத்தெருவில் நின்றுவிட்டனர். கைப்பேசி தாய்லாந்து நேரத்திற்குத் தானாகவே மாறியிருந்தது. கப்பலோ சிங்கப்பூர் நேரத்தை விட்டு அசையவில்லை. ஏணியை எடுப்பதற்குச் சற்று முன்பாக மூச்சிரைக்க ஓடிவந்து ஏறியதை அவர்கள் சிரித்துக்கொண்டே நம்மிடம் சொன்னார்கள். கப்பலில் அவர்களுக்கு எழுந்த மற்றொரு கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அறைச் சுவரில் ஒரு மணி, கைப்பேசியில் ஒரு மணி, ஊரிலிருந்து கட்டிச் சென்ற கைக்கடிகாரத்தில் ஒரு மணி. தொழுகைக்கு எதைப் பார்ப்பது?

இக்கேள்வி நம் முன்னோர்களுக்குப் புதியதன்று. கிழக்கே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வாணிபம் நாடிச் சென்ற சபராளிகளும், மேற்கே ஹஜ்ஜுக்குச் சென்ற ஹாஜிகளும் இதனோடுதான் கடலைக் கடந்தனர்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் பழைய கணக்கில் சொன்னால் இன்னும் எளிது: ஒரு நாளுக்கு 60 நாழிகை, எனவே ஆறு பாகைக்கு ஒரு நாழிகை. நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் இடையே ஏறத்தாழ இருபதரைப் பாகை உண்டு. ‘ரஜூலா’ கப்பலில் ஏறிக் கிழக்கே சென்றவர், பினாங்கில் இறங்குவதற்குள் சூரியக் கணக்கில் ஒரு மணி 22 நிமிடத்தை இழந்திருப்பார். நாள்தோறும் லுஹர் சற்று முன்னதாக வரும்; மஃரிபும் அவ்வாறே. மேற்கே செல்பவருக்கோ பகல் நீண்டுகொண்டே போகும். நோன்பு வைத்துப் பயணம் செய்தவர்கள் இவ்வேறுபாட்டை வயிற்றால் அறிந்திருப்பார்கள்.

இப்படிச் சிறிது சிறிதாகச் சேர்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முதலில் எழுத்தில் வைத்தவர்களுள் ஒருவர் அபுல் ஃபிதா. 1273 முதல் 1331 வரை வாழ்ந்தவர். சிரியாவின் ஹமா நகரை ஆண்ட அய்யூபிய வமிசத்து இளவரசர். ‘தக்வீமுல் புல்தான்’ என்னும் புவியியல் நூலின் ஆசிரியர். மூவர் ஓரிடத்தில் நிற்கின்றனர். ஒருவர் அங்கேயே இருக்க, மற்ற இருவரில் ஒருவர் மேற்கு நோக்கியும் ஒருவர் கிழக்கு நோக்கியும் உலகைச் சுற்றிவந்து அதே இடத்தில் சந்தித்தால், மேற்கே சென்றவரின் கணக்கில் ஒரு நாள் குறையும், கிழக்கே சென்றவரின் கணக்கில் ஒரு நாள் கூடும் என்று அவர் விளக்கினார். உலகை எவரும் சுற்றிவராத காலம் அது! இரு நூற்றாண்டுகள் கழித்து, 1522 ஜூலையில், மகெல்லனின் கப்பல்களில் எஞ்சிய ‘விக்டோரியா’ மேற்கு வழியாகவே உலகைச் சுற்றிக் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, கப்பலின் நாட்குறிப்பில் புதன்கிழமை, கரையிலோ வியாழக்கிழமை. ஒரு நாளும் தவறாமல் எழுதியும் ஒரு நாள் எங்கே போயிற்று என்று மாலுமிகள் திகைத்தனர். அக்கப்பலில் ஒரு முஸ்லிம் இருந்து, தம் கணக்கில் வெள்ளிக்கிழமை என்று கரையிறங்கியிருந்தால், ஊரார் அனைவருக்கும் அது சனிக்கிழமையாக இருந்திருக்கும். பயணிக்கு ஜும்ஆ கடமையன்று என்பது வேறு செய்தி.

மாலுமி என்னும் சொல்லே ‘முஅல்லிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து நமக்கு வந்தது. சுக்கானும் அரபிக் கடலைக் கடந்து வந்த சொல்தான். 15ஆம் நூற்றாண்டில் ஜுல்ஃபாரில், அதாவது இன்றைய ராஸ் அல் கைமாப் பகுதியில் பிறந்த அஹ்மது இப்னு மாஜித், இந்தியப் பெருங்கடலின் வழிகளைத் தம் ‘கிதாபுல் ஃபவாயித்’ நூலில் விரித்துரைத்துள்ளார். அக்கால முஅல்லிம்கள் கடல் தூரத்தை ‘ஸாம்’ என்னும் அளவால் குறித்தனர். ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேர ஓட்டம், நாளுக்கு எட்டு. நம் சாமமும் மூன்று மணி நேரமே, அதுவும் நாளுக்கு எட்டே என்பதை வாசகர்கள் கவனிக்க. தூரத்தை நேரத்தால் அளந்தவர்கள் அவர்கள். வடக்கு தெற்காகத் தாம் எங்கிருக்கிறோம் என்பதை, முடிச்சிட்ட நூல் கோத்த ‘கமால்’ என்னும் சிறு பலகையைக் கண்ணெதிரே பிடித்து, துருவ நட்சத்திரத்தின் உயரத்தைக் கொண்டு அறிந்தனர். ஆனால் கிழக்கு மேற்காக எங்கிருக்கிறோம் என்பதைச் சொல்லும் நட்சத்திரம் எதுவும் இல்லை. அதற்கு நேரம் தெரிந்தாக வேண்டும். அதுவும் இரண்டு நேரம்.

இதை விளக்க வேண்டும். நாம் நிற்கும் இடத்தில் சூரியன் உச்சிக்கு வரும் கணத்தில், புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்பது தெரிந்துவிட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நாம் கடந்து வந்த பாகை. கேட்க எளிது. ஆனால் அலையில் ஆடும் கப்பலில், வெப்பத்திலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் பிசகாமல் ஓடும் கடிகாரம் 18ஆம் நூற்றாண்டுவரை உலகில் இல்லை. 1707இல் ஆங்கிலக் கடற்படையின் நான்கு கப்பல்கள் தாம் இருக்குமிடம் தெரியாமல் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி அழிந்தன. 1714இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்குத் தீர்வு காண்போருக்கு 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் வாழ்நாளையே அதற்குச் செலவிட்டார். அவருடைய நான்காவது கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் ஏற்றப்பட்டது. 81 நாட்களில் அது ஐந்து விநாடி அளவே பிந்தியிருந்தது.

நான்கு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் பிசகு. ஒரு நிமிடத்திற்கு 15 கடல் மைல். கரையில் ஒரு நிமிடம் தாமதமானால் இகாமத்துக்கு ஓடிச் சேர்ந்துகொள்ளலாம். கடலில் ஒரு நிமிடம் பவளப்பாறையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஆகவேதான் ‘குரோனோமீட்டர்’ எனப்படும் அக்கடிகாரத்திற்குக் கப்பலில் தனி மரியாதை இருந்தது. எப்படி ஆடினாலும் சாயாதபடி வளையங்களில் தொங்கவிடப்பட்ட பெட்டியில், ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் அதனை வைத்தனர். நாள்தோறும் ஒரே வேளையில் அதற்குச் சாவி கொடுக்கப்பட்டது. அதன் முள்ளை மட்டும் எவரும் திருப்புவதில்லை. அது எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதை ஏட்டில் எழுதி, கணக்கில் கழித்துக்கொள்வதே முறை. துறைமுகங்களில் அதனைச் சரிபார்க்க வசதி செய்யப்பட்டிருந்தது. கிரீன்விச்சில் 1833 முதல் நாள்தோறும் பிற்பகல் ஒரு மணிக்குக் கம்பத்திலிருந்து ஒரு பந்து இறங்கியது. தேம்சு நதியில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துக் கொண்டன. நம் சென்னையிலும் 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. மைல்கணக்கில் நீண்ட தென்னாட்டு இரயில் பாதைகளெல்லாம் அங்கே கணித்த ‘சென்னை நேர’த்தில்தான் ஓடின.

கப்பலின் மற்றக் கடிகாரங்களோ அந்தந்த நண்பகலுக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. நண்பகலில் கப்பல் அதிகாரி செக்ஸ்டண்ட் கருவியால் சூரியனைப் பார்த்து நிற்பார். அது மேலேறி, ஒரு கணம் நின்றது போல் தோன்றி, சாயத் தொடங்கும். அக்கணமே கப்பலில் 12 மணி. அதே சாய்வுதான் லுஹரின் தொடக்கமும். மேல்தளத்தில் கருவியோடு நின்றவரும், கீழ்த்தளத்தில் பாங்கு சொல்லக் காத்திருந்தவரும் ஒரே நிகழ்வைத்தான் எதிர்நோக்கியிருந்தனர். 1917இல் இலண்டனில் கூடிய பிரிட்டிஷ், பிரெஞ்சு மாநாடு, கடலையும் 15 பாகைக்கு ஒரு மணி வீதம் வலயங்களாகப் பிரிக்கப் பரிந்துரைத்த பிறகே, கப்பல் மணிக்கும் சூரியனுக்கும் இடையே இடைவெளி உண்டாயிற்று.

நம் ஹாஜிகளின் பயணத்தை இக்கணக்கில் பொருத்திப் பார்ப்போம். 1955 வரை பம்பாயில் இறங்கும்போதே குழப்பம் காத்திருந்தது. இந்திய நேரம் 1906இல் வந்துவிட்ட போதிலும், அந்நகரம் 39 நிமிடம் பின்தங்கிய ‘பம்பாய் நேர’த்தைப் பிடிவாதமாக விடாதிருந்தது. முகல் லைன் கப்பலில் ஏறி ஏடன் நோக்கிச் சென்றால், மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் நாளொன்றுக்கு ஐந்தரைப் பாகை அளவு கடக்கும். அதாவது ஒரு நாழிகைக்குச் சற்றுக் குறைவு. ஐந்து நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாக இப்படி ஓடும். ஏடனைக் கடந்து செங்கடலில் நுழைந்ததும் கப்பல் வடக்கு நோக்கித் திரும்பிவிடும். மணி அவ்வளவாக மாறாது. அங்கே கவலை வேறு: யலம்லம் எல்லை. அதன் நேர்க்கோட்டைக் கப்பல் எட்டுவதற்கு முன் இஹ்ராம் அணிந்திருக்க வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எத்தனை மணிக்கு அதனை எட்டுவோம் என்று கப்பலில் அறிவிப்பார்கள், சங்கு ஒலிக்கும். அந்த அறிவிப்பின் பின்னால் இருந்தது குரோனோமீட்டரும் கப்பல் அதிகாரிகளின் கணக்கும்தான். தொழுகை நேரத்தைச் சூரியன் சொல்லிவிடும். எல்லையைச் சொல்லச் சூரியனோடு கடிகாரமும் வேண்டும்.

ஜித்தாவில் இறங்கினால் மற்றொரு வியப்பு. ஹிஜாஸில் நெடுங்காலம் சூரியன் மறையும் வேளையையே 12 மணி என்று வைத்துக் கடிகாரத்தைத் திருத்தினர். அங்கே மஃரிப் எந்நாளும் 12 மணிக்கே. ஆறரை மணிக்குப் பாங்கு கேட்டுப் பழகிய நம்மவர்கள் அதற்குப் பழக சில நாட்களாயின என்று மூத்த ஹாஜிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1995இல் பம்பாய், ஜித்தா ஹஜ் கப்பல் நின்றது. இன்று எந்தக் கப்பலும் தன் இடத்தைச் செயற்கைக்கோள்களிடமிருந்து அறிகிறது. அவையும் அணுக்கடிகாரங்களைச் சுமந்துகொண்டு நேரத்தைத்தான் அனுப்புகின்றன. அவற்றின் சைகைகள் வந்து சேரும் நேர வேறுபாட்டிலிருந்தே இடம் கணிக்கப்படுகிறது.

1960களின் தொடக்கத்தில் கப்பலில் ஹஜ் செய்த நம்மூர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடன் வந்தவர்கள் எல்லாரும் கப்பல் மணிக்கு ஏற்பக் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டே வர, அவர் மட்டும் மறுத்துவிட்டார். தொழுகைக்குச் சூரியனும் பாங்கும் போதும். இந்தக் கடிகாரம் ஊரில் இப்போது என்ன வேளை என்று பார்க்க, என்றாராம். பிள்ளைகள் மதரஸாவுக்குப் போகும் நேரம், வீட்டில் விளக்கேற்றும் நேரம் என்று அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாராம். நாள்தோறும் ஸுபுஹ் தொழுததும் சாவி கொடுப்பார், முள்ளைத் தொடமாட்டார். குரோனோமீட்டரைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தாரா என்பதைக் கேட்டுவைக்க நமக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பியவர், பள்ளிவாசல் கடிகாரத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தார். 12 நிமிடம் பிந்தியிருந்தது. கைக்கடிகாரத்திற்கு அது குறையே அன்று. கப்பல் கணக்கில் மூன்று பாகை. 300 கிலோமீட்டருக்கு மேல். செங்கடலின் பெரும்பகுதி அவ்வளவு அகலம்கூட இல்லை.