ஓடிப்போனவர் யார்?

கண்டியைச் சூழ்ந்த மலைகளின் வரலாற்றைக் கோப்பியின் வரலாறாகவும் தேயிலையின் வரலாறாகவும் கற்பிக்கிறோம். அதனைக் கடனின் வரலாறாகவும் கற்பிக்கலாம். கடனோடு கடல் கடந்தோர் இங்கு இருசாரார். ஒரு சாரார் கடனைச் சுமந்து வந்தனர். மறுசாரார் கடனை விட்டுச் சென்றனர். இவ்விரு சாராரையும் சட்டம் ஒரே கண்ணால் நோக்கியதா?

தமிழகத்துக் கிராமத்திலே கங்காணி கொடுத்த முன்பணத்தோடு தொழிலாளியின் கணக்குத் தொடங்கியது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, புசல்லாவையிலோ தெல்தோட்டையிலோ பேர் பதிந்தபோது, உழைக்கத் தொடங்குமுன்னரே அவன் கடனாளி. அரிசியின் விலையும் கம்பளியின் விலையும் அக்கணக்கில் ஏறின. கணக்கு இருந்ததோ கங்காணியின் கையில். கடன்பட்டவனோ பெரும்பாலும் எழுத்தறியாதவன்.

அவன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால் 'துண்டு' வேண்டும். இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்தக் கங்காணியையும் இத்தனை ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதித் தரும் சீட்டே அது. புதிய துரை பணத்தைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் தீர்ந்ததா? இல்லை, கடன்காரர் மட்டுமே மாறினார்.

துண்டின்றிப் போனால் அதற்குப் பெயர் 'ஓடிப்போதல்'. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது குற்றம். மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். கூலி கொடுப்பதிலோ சட்டம் பொறுமை காட்டியது: 1889ஆம் ஆண்டுச் சட்டமும், ஒரு மாதக் கூலியை அம்மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் கொடுத்தாற் போதும் என்றது.

இனி மறுசாராரைக் காண்போம். 1869இல் கோப்பி இலையிலே கண்ட நோய், பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. கடன் வாங்கித் தோட்டம் திறந்த துரைமார் பலர் நொடித்துப்போய்க் கப்பலேறினர். அவர்கள் விட்டுச் சென்ற கடன்களிலே தொழிலாளரின் கூலி நிலுவையும் இருந்தது. நொடித்த வணிகனுக்குப் புகலிடமாக 1853ஆம் ஆண்டிலிருந்தே வங்குரோத்துச் சட்டம் இருந்தது. அவனது கடன் நீதிமன்றத்தில் ஓர் உரிமை வழக்கு. தொழிலாளியின் ஓட்டமோ குற்ற வழக்கு. ஒருவனுக்கு அது துரதிர்ஷ்டம். மற்றவனுக்கு நம்பிக்கைத் துரோகம்!

தொழிலாளரைச் சிறைக்கனுப்பும் இச்சட்டங்களை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். அவரது முயற்சியோடு, இந்தியாவில் எழுந்த கண்டனமும் சேர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. ஆனால், சீட்டு ஒழிந்ததே தவிர, வறுமை ஒழியவில்லை. வறுமை இருந்தவரை கடனும் இருந்தது.

இன்றும் தரகனுக்குக் கொடுக்கக் கடன்பட்டு, வேலை தேடிக் கடல் கடப்போர் மலையகத்தில் உளர். கடனை விட்டு ஓடுவது அறமா என்று மாணவர் கேட்கின்றனர். நல்ல வினாதான். அதற்கு விடை சொல்லுமுன் வேறொரு வினாவையும் அவர்கள் கேட்கப் பழக வேண்டும்: கணக்கை எழுதியவர் யார்?