வானவழிப் பயணமும் மனத்தின் அச்சமும்

நிலத்தில் நடக்கப் பிறந்தவன் மனிதன். நீரில் மிதக்க அவன் பழகிப் பல்லாயிரம் ஆண்டுகளாகின்றன. காற்றில் ஏறிச் செல்லக் கற்றதோ நேற்றுத்தான். ஆதலின், விமானம் சற்றே குலுங்கியதும் நெஞ்சம் துணுக்குறுவது இயல்பு. அதற்காக எவரும் நாண வேண்டுவதில்லை. அவ்வச்சம் எதனால் எழுகின்றது, எதனால் தணிகின்றது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வானவழி வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

குடாநாட்டின் வடகரையையடுத்த பலாலியில், இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பிரித்தானிய விமானப்படை ஓர் ஓடுபாதையை அமைத்தது. போர் ஓய்ந்தபின் அது பொதுமக்களுக்குப் பயன்படலாயிற்று. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி 'எயார் சிலோன்' தன் முதற் சேவையைத் தொடங்கியது. அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. அதற்கு முன் சென்னை செல்ல விரும்பியோர் தலைமன்னார்வரை புகையிரதத்திலும், 1914 முதல் நடைபெற்றுவந்த கப்பற் சேவையிலே தனுஷ்கோடிவரையும், பின்னர் மீண்டும் புகையிரதத்திலும் செல்ல வேண்டியிருந்தது. அந்த நெடும்பயணம் சில மணி நேரத்துள் அடங்கியபோது மக்கள் வியந்தனர். வியப்போடு நடுக்கமும் உடன் வந்தது.

அந்நடுக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. டக்கோட்டாவின் அறையிற் காற்றழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் அமைப்பு இல்லை. ஆதலின் அது பெரும்பாலும் 10,000 அடிக்கு உட்பட்ட உயரத்திலேயே பறந்தது. மழைமேகங்களும், வெயிலாற் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றோட்டங்களும் நிறைந்த பகுதி அது. பாக்கு நீரிணையின் மேல் அமைதியாய் வரும் விமானம், கடல் முடிந்து நிலம் தொடங்கும் இடத்திற் குலுங்கக்கூடும். கடலின்மேற் காற்றும் நிலத்தின்மேற் காற்றும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றின் கருமேகங்கள் திரளும்போது குலுக்கம் மேலும் மிகும்.

விமானம் சட்டென்று கீழிறங்கும்போது, வானத்தில் வெற்றிடமான பள்ளம் ஒன்றில் அது விழுந்துவிட்டதாகப் பலர் எண்ணுவதுண்டு. அப்படி ஒரு பள்ளம் வானத்தில் இல்லை. மேலெழும் காற்றோட்டத்தை அடுத்துக் கீழிறங்கும் காற்றோட்டம் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றினுட் புகும்போது விமானம் அசைகின்றது. வல்வெட்டித்துறைக் கடலோடிகளுக்கு இது புதிதன்று. அவ்வூரிலே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், பெருங்கடல்களைக் கடந்து 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அலையில் ஏறி இறங்குவதைக் கப்பல் உடைவதாக எந்த மாலுமியும் கருதுவதில்லை. வானத்து அலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அச்சம் மிகுவதற்கு அதுவே காரணம். விமானத்தின் இறக்கையோ, பறப்பில் எதிர்பார்க்கப்படும் மிகப்பெரிய சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்குமாறு அமைக்கப்படுவது. அது வளைந்து கொடுப்பது வலிமையின் அடையாளம்.

அச்சம் மனத்தைச் சார்ந்தது. குமட்டலோ உடலைச் சார்ந்தது. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் அசைவை உணர்த்துகின்றன. விமானத்தின் உட்சுவரையே பார்த்திருக்கும் கண்களோ அசைவில்லை என்கின்றன. இவ்விரு சாட்சிகளும் முரண்படுவதால் வயிறு கலங்குகின்றது. அடிவானத்தை நோக்கியிருத்தல், வயிறு நிறைய உண்ணாதிருத்தல், அசைவு குறைந்த இறக்கைப் பக்கத்து ஆசனத்தைத் தேர்தல், மூச்சை நிதானமாக விடுதல் ஆகியன இதற்கு எளிய வழிகள். எலுமிச்சம்பழத்தை முகர்வதும் இஞ்சியைச் சுவைப்பதும் நம்மவர் கைக்கொண்ட முறைகள். எயார் சிலோன் பறக்கத் தொடங்கிய அதே 1947ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்ரிமோர் நகரிலே தோல் தடிப்புக்காக ஒரு பெண்ணுக்குக் கொடுத்த மருந்து, டிராம் வண்டியில் அவருக்கு வழக்கமாய் ஏற்படும் குமட்டலையும் நிறுத்திவிட்டது. பிரயாணக் குமட்டலுக்குரிய 'டிரமமைன்' என்னும் மருந்தின் பயன் இவ்வாறு தற்செயலாகவே தெரியவந்தது.

மனத்தின் அச்சத்திற்கு மருந்து யாது? 1930ஆம் ஆண்டு எலன் சேர்ச் என்னும் அமெரிக்கத் தாதி, விமானத்திலே தாதியர் பணிபுரிந்தாற் பயணிகளின் பயம் குறையும் என்று வாதிட்டு, உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். கலங்காத ஒரு முகத்தைக் கண்டாற் கலங்கிய மனமும் தேறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆயின் எந்தப் பணிப்பெண்ணின் புன்னகையாலும் ஆற்றமுடியாத ஓர் அச்சம் பின்னாளிற் குடாநாட்டு வானில் வந்து சேர்ந்தது. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி எயார் சிலோனின் அவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையிலே தரையில் நின்றபோது குண்டு வெடித்து எரிந்தது, உயிர்ச்சேதம் நேரவில்லை. பின்னர் போர் மூண்டது. தரைப்பாதை அடைபட்ட காலங்களில், நோயாளரும் மாணவரும் முதியோரும் கப்பலையோ விமானத்தையோ நம்பவேண்டியவராயினர். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட 'லயன் எயார்' விமானம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டு மன்னார்க் கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2012ஆம் ஆண்டிலேயே இரணைதீவுக் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. உறவினருக்கு அது பதினான்கு ஆண்டுக் காத்திருப்பு. காற்றின் குலுக்கத்தைக் கண்டு அஞ்சிய மக்களுக்கு, அமைதியான வானமே அஞ்சத்தக்கதாயிற்று.

போர் 2009இல் முடிந்தது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றால் 2020இல் நின்ற சேவை, 2022 டிசம்பரில் மீண்டது. டக்கோட்டா வந்த வழியில் இப்போது ஏ.ரி.ஆர். விமானங்கள் வந்தன. மேகமும் காற்றும் பழையனவே, குலுக்கமும் பழையதே.

அதனை அலட்சியம் செய்தலும் தகாது. 2024 மே 21ஆம் திகதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியன்மார் வானிற் கடுமையாகக் குலுங்கியபோது ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். ஆயினும் விமானம் உடையவில்லை. பாங்கொக்கிற் பத்திரமாக இறங்கியது. இத்தகைய வேளைகளிற் பெரிதும் காயமுறுவோர் ஆசனப்பட்டி அணியாதவர்களே. அமர்ந்திருக்கும்வரை பட்டியைக் கட்டியிருத்தல் ஒன்றே காற்றுக்கு எதிரான சிறந்த காப்பு.

காற்றைப்பற்றிய அச்சத்தை அறிவு தணிக்கும். மனிதரைப்பற்றிய அச்சத்தைத் தணிக்க அமைதி ஒன்றாலேயே இயலும். பலாலியில் இறங்கும் பயணி ஒருவர், கடற்கரை நெருங்குகையில் ஏற்படும் சிறு குலுக்கத்திற்கு மட்டும் ஆசனத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றாரெனின், அது இம்மண் அரிதிற் பெற்ற நற்பேறென்றே கொள்ளத்தகும்.