சுழியோடிகள்: விளையாட்டும் உழைப்பும்

பிரித்தானிய வீராங்கனை எட்னா சைல்ட், 1950ஆம் ஆண்டு ஓக்லண்டில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டிகளில், நீரிற் பாயும் இரு போட்டிகளிலும் தங்கப்பதக்கம் வென்றார். ஒலிம்பிக் அரங்கில் இத்துறை பெண்களுக்குத் திறக்கப்பட்டது 1912இலேயே என்பதை நோக்க, இவ்வெற்றியின் சமூகப் பெறுமானம் தெளிவாகும். அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின், நீருள் இறங்குதல் ஓரிடத்தில் விளையாட்டாகவும் பிறிதோரிடத்தில் வயிற்றுப்பாடாகவும் அமைவது ஏன் என்பதே எமது வினா.

கற்பிட்டிக் குடாநாட்டின் வடபாலுள்ள உச்சமுனைக்கு அப்பால் விரிவது மன்னார்க் கடல். அரிப்பு, சிலாவத்துறை ஆகியவற்றை அடுத்த முத்துப்பார்கள் குடியேற்ற அரசின் கருவூலத்தை நிரப்பியவை. புத்தளம் மாவட்டத்துச் சிலாபத்தின் பெயரையும் முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்ற சொல்லோடு தொடர்புறுத்துவர். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மாத்திரம் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. கல்லின் பாரத்தால் அடியிறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிய சுழியோடிகளுக்குக் கிடைத்தது மூன்றிலொரு பங்கே. இரு பங்கு அரசுக்குரியது. 1906இல் அரசு இப்பார்களை ஆண்டுக்கு 310,000 ரூபா வாடகைக்கு, 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு பிரித்தானியக் கம்பனிக்கு அளித்தது. சிப்பிவளம் அருகியதும் கம்பனி இடைநடுவே விலகிக்கொண்டது. சுழியோடிக்கோ விலகிச் செல்ல வேறு முதல் இல்லை. சிப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிய நிருவாகம், எடுத்தவரின் பெயரை எழுதுதல் அவசியமெனக் கருதவில்லை.

முத்துக்குளித்தல் ஆண்களின் தொழிலாகவே அறியப்படுகின்றது. எனினும், இதே கடலின் மறுகரையில், பாம்பன் பகுதியில், பெண்கள் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி சேகரித்து வருகின்றனர். விரல்களில் துணி சுற்றி, பாறையிலிருந்து அவர்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப்பாசி, ஆலைகளில் அகர் ஆகின்றது. 1986இல் 21 தீவுகளையுங் கொண்ட தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபின், அவர்களது தொழிற்களம் தடைக்குரிய களமாயிற்று. அப்பெண்கள் ஒன்றுகூடி, மாதத்திற் குறித்த நாட்களில் மாத்திரம், உலோகக் கருவியின்றிக் கையாற் பறிப்பதெனத் தமக்குத் தாமே விதி வகுத்தனர். இயற்கையை அழிப்போர் உழைப்போரே என்னும் வாதத்துக்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுவதில்லை. அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி என்னும் சர்வதேசப் பரிசைப் பெற்றார்.

ஒரு பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் அவர் கோரியது தமக்கான பதக்கமன்று; தம் கூட்டத்தார் அச்சமின்றிக் கடலில் இறங்கும் உரிமையே. கடல்சார் வரலாற்றை எழுதப் புகுவோர், முத்தின் விலையிலிருந்தன்றி, அம்மூச்சின் விலையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.